கோயில் அங்க, சாமி இஞ்ச

வெளியூரிலிருந்து சொந்தக்காரர் வந்து இறங்கினால் சுற்றிக் காட்டுவதற்குத் திருகோணமலை மாவட்டத்தில் ஊருக்கு ஒருவர் தயாராக இருப்பார். மூதூரில் உண்டு, கிண்ணியாவில் உண்டு, நிலாவெளியைச் சொல்லவே வேண்டாம். ஆனால் தம்பலகாமத்து ஊர்காட்டி மாமா தனி ரகம். மற்றவர்கள் திருகோணமலையைக் காட்டுவார்கள். இவர் திருகோணமலையை வைத்துத் தம்பலகாமத்தைக் காட்டுவார்.

ஆள் பெரும்பாலும் ஓய்வூதியக்காரர். பாடசாலை அதிபராக இருந்திருப்பார், தபால் கந்தோரில் இருந்திருப்பார், அல்லது வட்டவிதானையாக இருந்து வாய்க்கால் சண்டைகளைத் தீர்த்து வைத்திருப்பார். சுற்றுலா அதிகார சபை கொடுக்கும் வழிகாட்டி அனுமதிப்பத்திரம் அவரிடம் கிடையாது. கேட்டால், "எங்கட ஊரைக் காட்டுறதுக்கு எனக்கு ஆர் லைசன்ஸ் தாறது?" என்பார். வெள்ளை வேட்டி, அரைக்கைச் சேர்ட், கையில் ஒரு குடை. அந்தக் குடை வெயிலுக்கும் விரியாது, மழைக்கும் விரியாது. அது சுட்டிக் காட்டுவதற்கென்றே வாங்கியது.

கொழும்பிலிருந்து இரவிரவாக ஓடி வந்த வான் 99ஆம் கட்டைச் சந்தியில் நிற்கும். உள்ளே கனடாவிலிருந்து வந்த மருமகன், மருமகள், பேரப்பிள்ளைகள். முன் இருக்கையில் யார் இருந்தாலும் எழும்பிவிட வேண்டும். "நான் முன்னுக்கு இருந்தாத்தானே டிரைவர் தம்பிக்கு வழி சொல்லலாம்." அங்கிருந்து பட்டினத்துக்கு இருப்பது ஒரே பிரதான வீதி. ஆனாலும் "நேரே விடு தம்பி" என்று அடிக்கடி உத்தரவு பிறக்கும். தம்பியும் வேறெங்கோ திரும்ப நினைத்திருந்தவர் மாதிரி மரியாதையாகத் தலையாட்டுவார்.

முதற்கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "வரேக்க கந்தளாய்க் குளத்தடியில இறங்கிப் பாத்தியளோ?" குளத்தைக் கடந்தபோது வானுக்குள் டிரைவரைத் தவிர எல்லோரும் நித்திரை. ஆகவே சுற்றுலா திட்டோடு தொடங்கும். குளக்கோட்ட மன்னன் கோணேசருக்கு அமுது படைக்க நெல் வேண்டுமென்று கட்டிய குளம் அது, அந்தத் தண்ணீர் பாய்கிற வயல் இது, இரண்டையும் பாராமல் கோணேசரை மட்டும் பார்த்து என்ன பயன்? மருமகன் கைபேசியைத் தட்டிப் பார்த்து, "மாமா, ஏழாம் நூற்றாண்டில இரண்டாம் அக்கபோதி கட்டினது எண்டல்லோ கிடக்கு" என்று மெல்ல இழுப்பார். "அவை புத்தகம் எழுதினவை. நாங்கள் அந்தத் தண்ணியில விதைச்சனாங்கள்." வழக்கு தள்ளுபடி.

1986 சித்திரையில் அந்தக் குளக்கட்டு உடைந்து ஆட்களையும் வீடுகளையும் வயல்களையும் அடித்துக்கொண்டு போனதைச் சொல்லும்போது மட்டும் குடை மடியில் கிடக்கும். அந்தக் கதையில் அவர் ஒரு சொல்லும் கூட்டிச் சொல்லமாட்டார்.

தம்பலகாமக் குடாப் பக்கம் வந்ததும் குடை மறுபடி எழும்பிவிடும். கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும் தட்டைச் சிப்பி விளைந்த கடல் அது. 19ஆம் நூற்றாண்டில் அந்தச் சிப்பிக்குள்ளிருந்து முத்து எடுத்திருக்கிறார்கள். வெள்ளைக்காரர் அறிக்கை எழுதி வைத்த உண்மையான சங்கதி. நின்று பார்க்க வேண்டிய இடம் என்றால் இதுதான். ஆனால் மாமாவுக்கு முத்தில் அவ்வளவு பிடிப்பில்லை. முத்தைத் தின்ன முடியாது, நெல்லைத் தின்னலாம் என்பது அவர் கட்சி. வான் நிற்காது.

சீனக்குடாவில் பிரித்தானியர் 1930களில் கட்டிய எண்ணெய்க் குதங்கள். பாதி காட்டுக்குள் மறைந்து கிடப்பதால் வீதியிலிருந்து தெரியாது. தெரியாததையும் மாமா குடையால் காட்டுவார். கட்டியது 101, 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பான்காரன் வந்து குண்டு போட்டது, இப்போது மிச்சம் 99, அதில் 61ஐ 2022இல் இந்தியாவோடு பங்குக்குக் கொடுத்தது என்று கணக்கு பிசகாமல் வரும். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எங்கட சந்தியும் 99, குதமும் 99. இது சும்மா வாற கணக்கோ?" மைல்கல்லுக்கும் எண்ணெய்க்கும் என்ன உறவென்று யாரும் கேட்பதில்லை. கேட்டவர்கள் மத்தியானச் சாப்பாட்டுக்கு மூன்று மணிவரை காத்திருக்க நேரும்.

பிரெட்ரிக் கோட்டை வாசலில் மாமா உச்சத்தில் இருப்பார். போர்த்துக்கேயன் 1620களில் மலைமேலிருந்த கோயிலை இடித்து, அதே கல்லைக் கொண்டு கட்டத் தொடங்கிய கோட்டை. வாசற்கல்லில் இரட்டை மீனும் தமிழ்க் கல்வெட்டும் இன்றைக்கும் இருக்கின்றன. மாமா குடை நுனியால் மீனின் வாலைத் தொடுமுன்பே பிள்ளைகள் காணாமற்போயிருப்பார்கள். கோட்டைக்குள் புள்ளிமான்கள் ஆடுமாடு போல உலாவுகின்றன. நானூறு வருடத்துக் கல்லுக்கும் கை நக்கும் மானுக்கும் நடுவில் ஒரு ஒன்பது வயதுப் பிள்ளை எதைத் தேர்ந்தெடுக்கும்?

அங்கே கழுத்தில் அட்டை தொங்கும் வழிகாட்டி ஒருவர், வெளிநாட்டுக்காரர் கூட்டமொன்றுக்கு வெலிங்டன் மாளிகையைக் காட்டிக்கொண்டு நிற்பார். மாமா அந்தக் கூட்டத்தின் ஓரத்தில் போய் நின்று, ஒவ்வொரு வசனத்துக்கும் தலையை ஆட்டி, கடைசியில் தன் ஆட்கள் பக்கம் திரும்பித் தீர்ப்புச் சொல்லுவார்: "பெடியன் சொன்னது சரி. ஆனால் முழுக்கச் சொல்லேல்ல." முழுக்க என்பது என்னவென்றால், பிற்காலத்தில் 1815இல் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற வெலிங்டன் பிரபுவான ஆர்தர் வெல்லஸ்லி, அதற்கு முன்பு படையோடு இங்கே வந்து தங்கியிருந்தார். "அப்ப அவர் தின்ட சோறு எந்த வயல் அரிசி? இஞ்ச வேற ஆரிட்ட நெல் இருந்தது?" வாட்டர்லூ வெற்றியில் தம்பலகாமத்தின் பங்கு இவ்வாறு நிறுவப்படும்.

சுவாமி மலையில் ஏறும்போது பிரான்சினா வான் ரீட் என்ற ஒல்லாந்துப் பெண், கப்பலில் போகிற காதலனைப் பார்த்துக்கொண்டே மலையிலிருந்து குதித்த கதை. தூணைக் காட்டுவார், கண் கலங்குவார். அந்தப் பெண் பிற்பாடு வேறொருவரை மணம் முடித்ததாக ஏட்டில் இருக்கிறதே என்றால், "அப்ப அது வேற பொம்பிளை."

கோணேசர் கோயிலுக்கு முன்னால்தான் சுற்றுலாவின் மூலப் பிரச்சினை வெளியே வரும். ஒரு பக்கம் இராவணன் வெட்டு, கீழே கடல், மேலே கோபுரம், எந்த நாட்டுக்காரனும் வாய் பிளக்கும் இடம். மாமா இரண்டு நிமிடம் பிளக்க விடுவார். பிறகு: "வடிவுதான். ஆனால் இது 1963இல கும்பாபிஷேகம் செய்தது. கோயில் அங்க இடிபடேக்க சாமியைத் தூக்கிக்கொண்டு எங்க வந்தவை? தம்பலகாமத்துக்கு. ஆதி கோணநாயகர் எங்களட்ட. இஞ்ச இருக்கிறது காத்தும் காட்சியும்." 1956இல் ஆங்கில எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கின் கூட்டாளி மைக் வில்சன் இந்த மலையடிக் கடலில் முழுகி லிங்கம் எடுத்ததையும் ஒத்துக்கொள்வார், ஒரு குறையோடு: கடலில் கிடந்ததைக் கண்டெடுத்தார்கள், வயலில் இருந்ததை ஒருவரும் வந்து பார்க்கவில்லை. அந்த எழுத்தாளர் தம்பலகாமத்தில் எருமைத் தயிர் தின்றிருந்தால் கதையே வேறாகியிருக்கும் என்று எனக்கும் தோன்றுவதுண்டு.

மருமகள் வாய் திறவாமல் படம் எடுத்துக்கொண்டு நிற்பது மாமாவுக்குப் பொறுக்காது. "சம்பந்தர் கடல் கடந்து வராமலே, இராமேசுவரத்தில நிண்டு பதிகம் பாடினவர். நீங்கள் கனடாவில இருந்து வந்து ஒண்டும் சொல்லாமல் நிக்கிறியள்."

இதற்குப் பிறகு நகரம் வான் வேகத்தில் ஓடிவிடும். பத்திரகாளி கோயில் சன்னலால் ஒரு கும்பிடு. சந்தை ஒரு கைகாட்டல். கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறு, ஏழும் ஏழு சூடு, இராவணன் தாய்க்குக் கிரியை செய்த இடம் என்று ஒரே மூச்சில். உப்புவெளியும் நிலாவெளியும் பெயரளவில். பிள்ளைகள் புறாத்தீவில் மீன் பார்க்க ரொறன்ரோவிலிருந்து முகமூடியும் துடுப்புச் செருப்பும் சுமந்து வந்திருப்பார்கள். "புறாத்தீவு எங்க போகப்போகுது? சோறு ஆறிப்போகும்." லண்டனிலும் பாரிசிலும் சுற்றுலா பஸ்ஸில் காதில் மாட்டுகிற கருவி கொடுப்பார்கள், அலுத்தால் நிறுத்திவிடலாம். மாமாவில் அப்படியொரு பொத்தான் வைக்கப்படவில்லை.

வீட்டில் மாமி குரக்கன் பிட்டும் ஆற்று மீன் குழம்பும் சோறும் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்திருப்பார். கடைசியில் மண் சட்டித் தயிர். சட்டியைக் கவிழ்த்துப் பிடித்தாலும் தயிர் விழாது என்று மாமா செய்து காட்டுவார், கித்துள் பாணியை அவரே ஊற்றுவார். இந்த ஒரு விஷயத்தில் அவர் சொன்னதற்கு யாரும் கைபேசியைத் தட்டிப் பார்ப்பதில்லை.

உண்ட மயக்கத்தோடு ஆதி கோணநாயகர் கோயிலுக்கு. நடை சாத்தியிருக்கும். சாமியும் மத்தியானத்தில் ஓய்வெடுப்பார் என்பதை மாமா மட்டும் கணக்கில் எடுப்பதில்லை. நடை திறக்கும்வரை மர நிழலில் நிற்கவைத்து, போர்த்துக்கேயர் கதையை மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். காலையில் கோட்டை வாசலில் விடுபட்ட துண்டுகள் எல்லாம் இப்போது சேரும்.

சாயந்தரம் வான் புறப்படும் நேரம் சன்னலால் தலையை நீட்டி, "என்ன மோனே, திருகோணமலையில உனக்கு எது பிடிச்சது?" என்று கடைக்குட்டியைக் கேட்பார். பிள்ளை யோசிக்காமல், "மான்" என்னும்.

மாமாவும் யோசிக்கமாட்டார். "அது இஞ்சத்த காட்டில இருந்து போனதுதான்."