அடியில் பொலீரோ, மேலே ஷெவர்லே

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு பட்டு வியாபாரி இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம். பழைய வண்டி வாங்கியவருக்கு வீட்டிலேயே போதுமான பெயர்கள் வைத்திருப்பார்கள். மூடிக் கிடந்த அரிசி ஆலை ஒன்றின் பின்புறத்திலிருந்து அவர் இழுத்து வந்தது 1950களின் ஷெவர்லே 3100 பிக்கப். வைகாசி கருட சேவைக்குள் வண்டி ராஜ வீதியில் ஓடும் என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறார். எந்த வருடத்து வைகாசி என்று மட்டும் சொல்லவில்லை.

வண்டியின் வரலாறு அவருக்குத் தலைகீழ்ப் பாடம். ஜெனரல் மோட்டார்ஸ் 1928-லேயே பம்பாய் சேவ்ரியில் வண்டி கோக்கத் தொடங்கி 1954-இல் மூடிவிட்டுப் போனது, 3100 வரிசை 1947-இல் வந்தது என்று, சேலை எடுக்க வந்தவர்களிடம்கூட விலையைச் சொல்வதற்கு முன் சொல்வார். கேபினும் நன்றாகத்தான் இருந்தது. முன்பக்கத்தின் உருண்டைக் கன்னங்கள் அப்படியே. கீழே குனிந்து சேஸியை, அதாவது அடிச்சட்டத்தை, சுத்தியலால் தட்டிய மெக்கானிக்தான் கெடுத்தார். நல்ல இரும்பு ‘டங்’ என்று பதில் சொல்லும். இது ‘பொத்’ என்றது.

“அண்ணே, மேல வண்டி இருக்கு. கீழ ஒண்ணும் இல்ல.”

அன்று இரவே நம்மவர் செல்போனில் அமெரிக்கா போய்விட்டார். அங்கே இது சர்வ சாதாரணம். பழைய பிக்கப்பின் கேபினையும் தொட்டியையும் தூக்கி, புதிய வண்டியின் சேஸி மேல் உட்காரவைத்து விடுகிறார்கள். ஷெவர்லே 3100-க்கு அவர்கள் தேடிப் பிடிக்கும் மலிவான துணை ஷெவர்லே எஸ்-10 என்ற சிறிய பிக்கப். 3100-இன் வீல்பேஸ், அதாவது முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள தூரம், 116 அங்குலம். நீளத் தொட்டி வைத்த எஸ்-10-க்கு 117.9. இரண்டு அங்குலம்கூட வித்தியாசமில்லை. ஆனால் எஸ்-10 ஒடிசலான வண்டி. மேலே 3100-இன் அகலமான மட்கார்டு உட்கார்ந்ததும் சக்கரங்கள் உள்ளே போய் ஒளிந்துகொள்கின்றன. ஸ்பேசர் என்ற இடைவளையம் போட்டு வெளியே தள்ளவேண்டும். தவிர, அங்கே ஸ்டியரிங் இடப்பக்கம். எல்லாவற்றுக்கும் மேல், எஸ்-10 இங்கே விற்பனைக்கே வந்ததில்லை.

சரி, உள்ளூரில் தேடலாம் என்றால் காஞ்சிபுரம் மாவட்டம் சிரிக்கிறது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998 முதல் கார்களைக் கொட்டிக்கொண்டிருக்கிறது. அவற்றில் ஏறக்குறைய எதற்கும் தனி சேஸி கிடையாது, உடம்பே எலும்பு. ஒரகடத்தில் டைம்லர் செய்கிற பாரத்பென்ஸ் லாரிக்கு உண்டு. அதன் மேல் இந்த கேபினை வைத்தால் பார்ப்பதற்குக் கல்யாண மண்டபத்தின் மேல் தபால் பெட்டி.

எனவே புதுப்பேட்டை. சென்னையில் பழைய உதிரி பாகம் தேடுகிறவர்கள் கடைசியில் போய் நிற்கும் இடம். கையில் டேப், மனசில் 2,946 மில்லிமீட்டர். 116 அங்குலம் என்றால் அவ்வளவு. பொலீரோவின் வீல்பேஸ் 2,680, அரை முழத்துக்கு மேல் குட்டை. இன்னோவா 2,750. சுமோவைப் பற்றிப் பேச வேண்டாம், 2,425. நீளமான பிக்கப்புகள் என்றால் டி-மேக்ஸ் 3,095, ஸெனான் 3,150. இவை முன்சக்கரத்தை மட்கார்டை விட்டு வெளியே நடக்கவைக்கும். “பொலீரோவை எடுங்க பாய், நடுவுல அறுத்து நீட்டிக்கலாம்” என்றார் நம்மவர் கடைக்காரரிடம். அறுத்து நீட்டலாம்தான், நாமக்கல் பக்கம் லாரிக்குச் செய்கிறார்கள். ஆனால் பாதி வேலை அதற்குப் பிறகுதான். கேபின் மவுண்ட் எதுவும் ஓட்டைக்கு நேரே வராது. ரேடியேட்டருக்கு இடம் போதாது. ஸ்டியரிங் தண்டு பெடலில் இடிக்கும். மலிவாக வாங்கிய சேஸிக்கு வெல்டரின் நாட்கூலி மேலே மேலே ஏறும். சேஸியின் விலையை விசாரிக்கிறவர்கள் இந்தக் கூலியை விசாரிப்பதே இல்லை.

நம்மவர் பட்டுக்காரர் என்பதால் அவரிடம் ஒரு வாதம் இருந்தது. “உடலையும் கரையையும் தனித்தனி நிறத்தில் கோர்வை போட்டுச் சேர்க்கிற ஊர் இது. ரெண்டு வண்டியைச் சேர்க்க முடியாதா?” பக்கத்து வீட்டு நெசவாளர் பாவு சுற்றுவதை நிறுத்தாமலே பதில் சொன்னார். “கோர்வைங்கிறது தறியிலேயே மூணு நாடா ஓட்டிக் கோக்கிறது. நெய்து முடிச்ச சேலையையும் வேட்டியையும் கொண்டாந்து கோத்துக் குடுன்னா எவன் கோப்பான்?”

இதற்குப் பின்னும் அவர் பொலீரோவை வாங்கியிருப்பார். தடுத்தது ஆர்.சி. புத்தகம்.

பொலீரோவின் சேஸியில் அதன் எண் பொறிக்கப்பட்டிருக்கும். அந்த எண் எங்கோ ஒரு பதிவேட்டில் இன்னொருவர் பெயரில் இருக்கிறது. காகிதம் இல்லாத சேஸி மலிவாகக் கிடைப்பதற்கு ஒரு காரணம் இருக்கும். அந்தக் காரணத்தைப் பின்னால் போலீஸ் ஸ்டேஷனில் தெரிந்துகொள்வது நல்லதல்ல. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரித்த நிறுவனம் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றமும் இதையே அழுத்திச் சொன்னது. அதே ஆண்டின் திருத்தத்தில் அபராதம் ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். கோயில் தேர்களுக்குத் திருச்சி பெல் இரும்புச் சக்கரமும் அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்திருக்கிறது; யாரும் கேட்கவில்லை. தேருக்கு ஆர்.சி. கிடையாது.

பழைய வண்டிப் பிரியர்கள் பலர் கவனிக்காத இன்னொன்றும் உண்டு. 2021 ஜூலையில் வந்த மத்திய விதிகளின்படி, ஐம்பது ஆண்டுக்கு மேற்பட்ட இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகளை ‘விண்டேஜ்’ என்று பதிவு செய்யலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000, எண்ணில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் வரும். நிபந்தனை, வண்டி அசல் வடிவில் இருக்கவேண்டும். சேஸியில் பெரிய மாற்றம் செய்தால் அந்தப் பெருமை போச்சு. வணிகத்துக்கும் ஓட்டக்கூடாது; காந்தி ரோட்டில் சேலை மூட்டை ஏற்றும் கனவும் அதோடு போச்சு.

ஆக, கட்டுப்படியாகிற சேஸி எது? ஏற்கெனவே அடியில் கிடப்பதுதான். 3100-இன் சேஸி ‘சி’ வடிவத் தகடுகளை ரிவெட் அடித்துச் சேர்த்தது. இதைத் திருத்துவது நல்ல பட்டறைக்கு முடியாத வேலையல்ல. மணல் அடித்துத் துரு நீக்கினால் எது இரும்பு, எது ஞாபகம் என்று தெரிந்துவிடும். செத்த இடத்தை வெட்டி, அதே கனத் தகடு வைத்து, தையல் குறுக்கே நேராக ஓடாமல் சரிவாக வரும்படி வெல்டிங் செய்யவேண்டும். கோணல் பார்க்கக் கணினி வேண்டாம்: தூக்குக் குண்டைத் தொங்கவிட்டுத் தரையில் சாக்பீஸால் குறித்து, இரண்டு குறுக்களவும் ஒன்றாக வருகிறதா என்று டேப் பிடித்தால் போதும். புது சேஸி தேடியது நல்ல பிரேக்குக்காகத்தான் என்றால் பிரேக்கை மட்டும் சீர் செய்யலாமே.

நம்மவர் இன்னும் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. வாசகர்களில் யாராவது இதே எண்ணத்தில் இருந்தால், புதுப்பேட்டைக்கு பஸ் ஏறுவதற்கு முன் ஆர்.சி. நகலோடு உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு ஒரு நடை போய்விடுங்கள். அதில் சரக்கு வண்டி என்று எழுதியிருக்கிறதா, சொந்த வண்டி என்றா, வீல்பேஸ் எவ்வளவு, சேஸி எண் என்ன என்று பார்த்துக் கேட்டுக்கொண்ட பிறகு டேப்பை எடுங்கள்.