அப்பாயியும் காம்பன்சேஷனும்

பத்தாம் வகுப்புப் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஆங்கிலத்துக்கு ஆலோசனை சொல்வார்கள். கணக்குக்குச் சொல்ல மாட்டார்கள். பிள்ளை திருப்பிக் கேள்வி கேட்டுவிடும் ஆபத்து அதில் உண்டு. ஆங்கிலத்துக்கு ஆலோசனை ஒன்றே ஒன்றுதான்: "தினம் பத்து வார்த்தை மனப்பாடம் பண்ணு பாப்பா." பேராவூரணியில் மளிகைக்கடைக்காரர், தேங்காய் வியாபாரி, எல்ஐசி ஏஜென்ட் எல்லோரும் என் அக்கா மகளுக்கு இதை வழங்கியிருக்கிறார்கள். கொடுத்த காபியைக் குடித்துவிட்டுத்தான் வழங்கினார்கள்.

சொன்னபடி செய்கிற பிள்ளை. லிப்கோ டிக்‌ஷனரியைப் பிரித்து, 'ஏ'யிலிருந்து நோட்டில் எழுத ஆரம்பித்தாள். இந்த முறையில் எல்லோரும் 'ஏ'யில்தான் தொடங்குவார்கள். 'சி'யைக் கண்டவர் இல்லை. 'அபாண்டன்' தெரிந்தவர்கள் நம் ஊரில் ஏராளம். 'பாரோ' என்றால் கடன் வாங்குவது என்று தெரியாமலே கடன் வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

"மாமா, அப்ஹார்னா அருவருத்து வெறுக்கிறதாம். இத யாருகிட்டப் போயிப் பேசுறது?"

"யாருகிட்ட வேணும்னாலும் பேசு, டியூஷன் சாருகிட்ட மட்டும் பேசிடாத."

பேசுவதற்காக யார் படிக்கிறார்கள்? பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தாளில் முதல் மூன்று கேள்வி ஒத்த பொருள், அடுத்த மூன்று எதிர்ப்பொருள். இந்த ஆறு மதிப்பெண்ணுக்காகத்தான் ஊர் முழுக்க ராத்திரி பத்து மணிக்கு முணுமுணுப்பு. தப்பானால் நூறு தடவை இம்போசிஷன். 1885-இல் ஹெர்மன் எபிங்காஸ் என்ற ஜெர்மானியர், பொருளே இல்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, அவை எவ்வளவு வேகமாக மறந்துபோகின்றன என்று அளந்து புத்தகம் போட்டார். முதல் நாளிலேயே பெரும்பகுதி போய்விடுகிறதாம். பாவம் மனிதர், பொருளில்லாத சொற்களை உட்கார்ந்து உருவாக்க வேண்டியிருந்தது. எங்கள் பிள்ளைகளுக்கு அச்சடித்தே கிடைக்கிறது.

மறக்காத ஆங்கிலமும் உண்டு: லீவ் லெட்டர். 'சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்', 'கைண்ட்லி கிராண்ட் மீ', 'யுவர்ஸ் ஒபீடியன்ட்லி'. இந்தச் சொற்கள் அந்தக் காகிதத்தை விட்டு வெளியே வந்து நான் பார்த்ததில்லை. வகுப்பிலேயே அடங்காத பையன்தான் மாதம் இரண்டு முறை 'ஒபீடியன்ட்லி' எழுதுவான். எழுத்துப்பிழையே வராது, அவனுக்கு லீவு வேண்டும்.

காரியம் இருந்தால் வார்த்தை ஒட்டிக்கொள்ளும் என்பதற்கு எங்கள் வீட்டில் நடமாடும் சாட்சி, அவளுடைய அப்பாயி. மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்காதவர். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் அடித்துத் தென்னந்தோப்புகள் மல்லாந்து கிடந்தன. சுற்றுவட்டாரம் முழுக்க அதே கதி. அழுது முடித்ததும் ஊரே ஆங்கிலம் படிக்க ஆரம்பித்தது. சர்வே, டேமேஜ், ரிலீஃப், காம்பன்சேஷன். யாரும் நூறு தடவை எழுதவில்லை. ஒரு நாள் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்து அப்பாயி என்னிடம் கேட்டார்: "ஏம்ப்பா, காம்பன்சேஷன் அக்கவுண்டுல கிரெடிட் ஆவலையே. ஐஎஃப்எஸ்சி கோடு தப்பா இருந்தா ரிட்டன் ஆயிடுமாமே?" எனக்கு அந்தக் கோடின் விரிவாக்கம் தெரியாது. அவருக்கும் தெரியாது. ஆனால் அது தப்பானால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. மோட்டார் கொட்டகைப் பக்கம் போனால் சிங்கிள் பேஸ், த்ரீ பேஸ், ஸ்டார்ட்டர், காயில் எல்லாம் தண்ணீர்பட்ட பாடு.

இதைப் புரிந்துகொண்ட ஆங்கிலேயர் ஒருவரும் இருந்தார். மைக்கேல் வெஸ்ட், டாக்காவில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். வங்காளத்துப் பிள்ளைகள் படும் பாட்டைப் பார்த்துவிட்டு, புதுச் சொற்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிய கதைப் புத்தகங்களை எழுதினார். 1953-இல் அவர் வெளியிட்ட சொற்பட்டியலில் சுமார் 2000 சொற்கள்தாம். சாதாரண ஆங்கில எழுத்தில் ஐந்தில் நான்கு பங்கு அவற்றுக்குள் அடங்கிவிடும் என்கிறார்கள். 'அப்ஹார்' இல்லாமலே இங்கிலாந்தில் குடும்பம் நடத்தலாம் போலிருக்கிறது.

இதை டியூஷன் சாரிடம் சொன்னேன். அவர் வலங்கைமானில் பிறந்த சீனிவாச சாஸ்திரியை இழுத்தார். நம் டெல்டாக்காரர், வெள்ளிநாக்குப் பேச்சாளர் என்று வெள்ளைக்காரனே புகழ்ந்தவர், அவர் இரண்டாயிரத்தோடு நின்றாரா என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் சாஸ்திரியார் 'ஏ'யிலிருந்து ஏறிப் போனார் என்று எனக்குத் தோன்றவில்லை.

டிக்‌ஷனரியைக் கொஞ்சநாள் மூடிவைக்கச் சொன்னேன். கடைவீதிப் பலகை, உரமூட்டை, மாத்திரை அட்டை, பூச்சிமருந்து டப்பா, கண்ணில் பட்டதையெல்லாம் வாசி, தெரியாததை மட்டும் எழுது என்றேன். பூச்சிமருந்து டப்பாவில் மட்டும் ஒரு பக்கம் நிறைந்தது. அதில் பாதி எனக்கே தெரியாது. கடைவீதியில்தான் சிக்கல். பேக்கரிப் பலகையில் ஓர் எழுத்து கூடுதலாக இருப்பதைப் பார்த்து, கடைக்காரரிடமே போய்ச் சொல்லிவிட்டாள். அவர் கோபிக்கவில்லை.

"தப்பு இல்ல பாப்பா, நியூமராலஜி. அந்த எழுத்தச் சேத்த பொறவுதான் யாவாரமே ஓடுது."

இப்போது நோட்டில் 'ராசியான ஸ்பெல்லிங்' என்று தனித் தலைப்பு போட்டிருக்கிறாள். ரயிலடி வரைக்கும் போவதற்குள் பக்கம் தீர்ந்துவிட்டதாம். வேறு நோட்டு கேட்கிறாள்.