துருவுக்கு வாழ்வளித்த அத்தான்

அத்தான், உங்களுக்கு ஒரு வாழ்த்துமடல் அச்சடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, சபையில் வாசித்துக் கொடுக்க வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை. அக்காதான் தடுத்துவிட்டாள். சட்டத்தை எங்கே மாட்டுவீர்கள் என்று அவளுக்குத் தெரியுமாம். அதனால் வெறுந்தாளிலேயே எழுதிவிடுகிறேன்.

முல்லைக்குத் தேரைக் கொடுத்தான் பாரி, மயிலுக்குப் போர்வையைக் கொடுத்தான் பேகன். இருவரும் தங்கள் பொருளைத்தான் கொடுத்தார்கள். அதில் என்ன பெருமை? நீங்கள் தாத்தாவின் பொருளை, அதுவும் ஜெர்மனியின் ஸோலிங்கனில் அடித்த சவரக்கத்தியை எடுத்துத் துருவுக்குக் கொடுத்திருக்கிறீர்கள். பாட்டன் சொத்தைக் கரைத்தவர்களை ஊர் நிறையப் பார்த்திருக்கிறது. நீங்கள் பெருக்கியவர். இரும்பு துருவாகிவிட்டால், முன்பு இருந்ததைவிடப் பல மடங்கு இடம் பிடிக்குமே! ஆணி இருக்கும் இடத்தில் உப்பிக்கொண்டு கத்தி மடங்க மறுக்கிறதே, அந்தப் பெருக்கம் உங்கள் கைராசி.

கத்திக்கு நீங்கள் பார்த்துக்கொடுத்த இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். படுக்கையறை பீரோ உலர்ந்து கிடக்கிறது. அக்காவின் பட்டுப்புடவைகள் அங்கே சுகமாகத் தூங்குகின்றன. கத்திக்கு அந்த வறட்சி ஆகாது என்று எண்ணி, கீஸருக்கும் வாஷ்பேசினுக்கும் நடுவே, கண்ணாடிக்குக் கீழே இருக்கும் தட்டில் குடிவைத்தீர்கள். காற்றில் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினாலே துரு வேகமெடுக்கும். பெசன்ட் நகரில் அதற்கு வெந்நீர்கூட வேண்டாம், ஜன்னலைத் திறந்தால் போதும். கடற்காற்று ஈரத்தோடு உப்பையும் கொண்டுவரும். உப்பு படிந்த எஃகு, காற்று ஓரளவு காய்ந்திருக்கும் நாளிலும் தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும். இவ்வளவு வசதி இருந்தும் உங்களுக்கு மனம் நிறையவில்லை. குடும்பமே குளித்த வெந்நீர் ஆவியையும் நாள் தவறாமல் அதற்குப் படைத்தீர்கள்.

தில்லி குதுப்மினார் வளாகத்தில் ஓர் இரும்புத்தூண் சுமார் 1,600 ஆண்டுகளாக மழையிலும் வெயிலிலும் நிற்கிறது. அந்த இரும்பில் பாஸ்பரஸ் அதிகம். அதனால் மேலே ஒரு மெல்லிய காப்புப் படலம் கட்டிக்கொண்டது என்கிறார்கள். பார்க்க வருகிறவர்கள் வாய்பிளந்து நிற்கிறார்கள். எனக்கு அதில் வியப்பே இல்லை. அந்தத் தூணை யாரும் உங்கள் குளியலறையில் வைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

சவரம் முடிந்த கையோடு கத்தியை அப்படியே மடக்கிப் போடும் உங்கள் பெருந்தன்மை யாருக்கு வரும்? மற்றவர்கள் என்ன பாடு படுகிறார்கள் தெரியுமா? நன்றாக அலசுகிறார்கள். மெல்லிய துணியால் முதுகுப் பக்கமிருந்து கூர் பக்கமாக ஒற்றி எடுக்கிறார்கள். ஆணி இடுக்கில் காகிதத்தைத் திரித்து நுழைத்து ஈரத்தை வாங்குகிறார்கள். தோல்வாரில் சில தடவை இழுக்கிறார்கள். அதற்குப் பிறகும் மடக்காமல் சில மணி நேரம் ஆறவிடுகிறார்கள். கைப்பிடியின் இரண்டு தகட்டுக்கும் நடுவே ஒரு சொட்டு தங்கினாலும் பதறும் அற்பர்கள். நீங்கள் சோப்பு நுரையையும் சேர்த்தே மடக்கினீர்கள்.

தலைமயிர் ஏறத்தாழ 70 மைக்ரான் தடிமன். நல்ல சவரக்கத்தியின் கூர் ஒரு மைக்ரானுக்கும் கீழே. அவ்வளவு மெல்லிய இடத்தைத் துரு தின்று ஏப்பம் விட்ட பிறகுதான் செம்புள்ளியே நம் கண்ணுக்குத் தெரியும். கூர் போனபோது நீங்கள் துருவைச் சந்தேகிக்கவில்லை. அவ்வளவு நல்ல மனசு. “அந்தக் காலத்து இரும்பே சரியில்லை” என்று ஜெர்மனியைத்தான் கோபித்துக்கொண்டீர்கள். ஸோலிங்கன் என்ற பெயரைக் கண்டவரும் கத்தியில் பொறிக்கக் கூடாதென்று அவர்கள் 1938இல் சட்டமே போட்டார்கள். உங்களை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்தச் சிரமம் மிச்சமாகியிருக்கும்.

எண்ணெய் பூசச் சொன்னதையும் தட்டாமல் கேட்டீர்கள். தையல் மெஷினுக்கு விடும் எண்ணெயில் ஒரு சொட்டு போதும், அது கெட்டுப்போகாது. ஜப்பானில் கமீலியா விதை எண்ணெய் பூசுவார்கள். ஆனால் பிறந்த ஊர்த் தென்னந்தோப்பை மறக்காதவர் நீங்கள். செக்கில் ஆட்டிய தேங்காயெண்ணெயைத் தாராளமாக ஊற்றி, அது பிசுபிசுத்துச் சிக்குவாடை அடிக்கும்வரை ஊறவிட்டீர்கள். மேலே தோலுறை ஒன்றும் தைத்துப் போட்டீர்கள். தோல் ஈரத்தைக் குடித்துவிட்டு மெல்ல மெல்லக் கத்திக்குத் திருப்பிக் கொடுக்கும்; உங்கள் வீட்டில் சும்மா இருக்கும் பொருளே கிடையாது. செருப்புப் பெட்டியில் வந்த சிலிக்கா ஜெல் பொட்டலத்தையும் அதே தட்டில் வைத்தீர்கள். மூடிய பெட்டிக்குள் இருக்கும் கையளவு காற்றை உலர்த்தத்தான் அதற்குத் தெம்பு உண்டு. நீங்கள் வங்கக்கடலையே உலர்த்தச் சொல்லி விட்டுவிட்டீர்கள்.

இதெல்லாம் சில்லறைத் தருமம். உங்கள் திருப்பணி என்றால் அந்த பிஸ்கட் டின்தான். பழைய சாமான் கடையில் வாங்கிச் சேர்த்த கத்திகளை எல்லாம் ஒரே டின்னில் அடுக்கி, காற்றுப் புகாமல் மூடி, மூடியைச் சுற்றி டேப்பும் ஒட்டினீர்கள். அதில் ஆமையோட்டு நிறத்தில் பளபளக்கும் கைப்பிடி ஒன்று இருந்ததே, அது செல்லுலாய்டு. நைட்ரிக் அமிலத்தில் பதப்படுத்திய பஞ்சையும் கற்பூரத்தையும் சேர்த்துச் செய்வது. வயதானால் சில செல்லுலாய்டு தானாகவே சிதையத் தொடங்கும். அப்போது கிளம்பும் நைட்ரஜன் ஆக்ஸைடுகள் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி, முதலில் தன் கத்தியையும் அப்புறம் பக்கத்துக் கத்திகளையும் அரிக்கும். அதைத் தனியாக, காற்றாட வைப்பதுதான் உலக வழக்கம். உங்களுக்கோ பிரித்து வைப்பது பிடிக்காது. கூட்டுக்குடும்பத்தில் வளர்ந்தவர். டின்னைத் திறந்த அன்று சின்னது பெரியது என்ற பேதமில்லாமல் எல்லாக் கத்தியும் ஒரே நிறத்தில் இருந்ததைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்தக் காலத்தில் அடைப்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீடு வீடாக வந்த முடிதிருத்தும் பெரியவர்களிடம் டின்னும் கிடையாது, டேப்பும் கிடையாது. ஒரு திண்ணையில் தீட்டல், சிரைத்தல், துடைத்தல். அடுத்த திண்ணையில் மறுபடி தீட்டல். நாள் முழுக்கக் கத்தி கையிலேயே இருக்கும். துரு வந்து உட்காரக்கூட இடம் கொடுக்காத கல்நெஞ்சக்காரர்கள். நீங்களோ ஆடிக்கு ஒருமுறை அமாவாசைக்கு ஒருமுறை சவரம் செய்து, மிச்ச நாளையெல்லாம் துருவுக்கே ஒதுக்கினீர்கள்.

கடைசியில் உப்புத்தாளை எடுத்தீர்களே, அதுதான் உச்சம். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் துரு, மெருகு, கத்தியில் பொறித்திருந்த பெயர் மூன்றையும் தேய்த்து எடுத்துவிட்டீர்கள். குழிகள் மட்டும் அப்படியே இருக்கின்றன. யார் செய்த கத்தி என்று இனி ஒருவராலும் சொல்ல முடியாது. ஸோலிங்கன்காரர்களின் மானம் தப்பியது.

அப்பாவின் ஷெஃபீல்டு கத்தியையும் வாங்கிப் பத்திரப்படுத்தப் போவதாக அக்காவிடம் சொன்னீர்களாம். கொடுக்க மனமில்லாமல் இல்லை, அத்தான். அது சாணைக்குப் போயிருக்கிறது. சாணைக்காரர் வெளியூர் போயிருக்கிறார். எப்போது திரும்புவார் என்று அவர் வீட்டிலும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.