எங்கே இருக்கீங்கப்பா?

தொண்ணூறுகளில் திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரிக்குப் பஸ்ஸில் போய்வந்த நாட்களில், என்னைக் கண்காணிக்க அப்பாவுக்கு போன் எதுவும் தேவைப்படவில்லை. அவர் தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகத்தில் கண்டக்டர். கூட்டேரிப்பட்டில் நான் யாரோடு இறங்கி டீ குடித்தேன், விக்கிரவாண்டியில் ஏறிய யார் என் பக்கத்தில் உட்கார்ந்தார்கள் என்பதெல்லாம் நான் வீடு சேருமுன் அவர் காதுக்குப் போயிருக்கும். அந்தத் தடத்தில் ஓடிய டிரைவர், கண்டக்டர் எல்லோரும் எனக்கு மாமா, சித்தப்பா முறை. "உங்க பையன் நேத்து கடைசி வண்டியில வந்தான்ண்ணே" என்று ஒருவர் சொன்னால் போதும், ராத்திரிச் சாப்பாடு விசாரணையோடுதான்.

1997-ல் போக்குவரத்துக் கழகங்களிலிருந்து தலைவர்கள் பெயர்களை நீக்கியபோது, அப்பாவின் கழகமும் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் ஆனது. பஸ்ஸில் பெயர் மாறியது. எங்கள் வீட்டு விசாரணை அப்படியே இருந்தது.

இன்றும் இருக்கிறது, ஆள்தான் மாறிவிட்டது. அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, சர்க்கரை வேறு. சாயங்காலம் பஸ் நிலையப் பக்கம் போய்ப் பழைய சகாக்களோடு உட்கார்ந்திருப்பார். ஏழு மணியானால் நான் போன் போடுகிறேன். "எங்கே இருக்கீங்கப்பா? டீயில சர்க்கரை போட்டுக்கிட்டீங்களா?" "இல்லப்பா" என்பார். அந்த "இல்லப்பா"வை இருபது வயதில் நான் அவரிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன்.

ஓய்வூதியம் வந்ததும் வீட்டுச் செலவுக்கு ஒரு பங்கு தருவார். நோட்டுகளை நீளவாக்கில் மடித்து இடதுகை விரலிடுக்கில் செருகி, கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ணுவார். பையைக் கழற்றி வைத்து வருஷங்களாகியும் விரல்கள் கண்டக்டர் விரல்கள்தான். "எதுக்குப்பா இதெல்லாம்" என்று என் தம்பி ஒருமுறை மறுத்தபோது அன்று முழுக்க அவர் யாரோடும் பேசவில்லை. நான் வாங்கிக்கொள்கிறேன். காசு கொடுக்கிறவருக்குத்தான் குழம்பில் உப்பு குறைந்தால் கேட்க வாய் வரும்.

அம்மா முன்பெல்லாம் மயிலம் கோயிலுக்குப் போக அப்பாவின் லீவுக்குக் காத்திருப்பார். 2021 மே முதல் சாதாரண நகரப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இப்போது காசும் கேட்பதில்லை, காரணமும் சொல்வதில்லை. அதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

என் மனைவியின் சிரமம் வேறு. அறைக் கதவைச் சாத்தினால், "உள்ள என்னம்மா பண்ற, காபி ஆறுது" என்று அம்மாவின் குரல் வரும். அதில் கெட்ட எண்ணம் கிடையாது. ஆனால் நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு வருகிறவளுக்கு அரைமணி நேரம் யாருக்கும் பதில் சொல்லாமல் இருக்க ஓர் இடம் வேண்டும். இதை மருமகள் சொன்னால் சண்டையாகிவிடும், மகன்தான் சொல்ல வேண்டும். சொன்னேன். இரண்டு நாள் முகம் வாடியிருந்தது. இப்போது அம்மா கதவைத் தட்டுகிறார்.

உறவுக்காரர்கள் அப்பாவிடம் சொல்வது ஒன்றுதான்: "வீட்டைப் பசங்க பேர்ல எழுதி வெச்சிட்டு நிம்மதியா இருங்க." எனக்கு இதில் துளியும் சம்மதமில்லை. பெற்றோரைக் கவனிக்காத பிள்ளைகள் மீது 2007-ஆம் ஆண்டுப் பராமரிப்புச் சட்டப்படி கோட்டாட்சியரின் தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்கலாம். மாதம் 10,000 ரூபாய் வரை வாங்கித் தரலாம். எழுதிக் கொடுத்த சொத்தை மீட்கவும் 23-ஆம் பிரிவு இருக்கிறது. ஆனால், பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் கொடுத்தேன் என்று காட்ட வேண்டும். நம் ஊரில் எந்தத் தகப்பன் அதைப் பத்திரத்தில் எழுதச் சொல்வார்? பிள்ளையை நம்பவில்லை என்றாகிவிடுமே என்று கூசிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிடுவார்.

பத்திரம் உங்கள் பீரோவிலேயே இருக்கட்டும் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். பெற்றவர்களோடு ஒரே வீட்டில் இருப்பவர்கள் எல்லோரும் இதைத் தாங்களாகவே முன்வந்து சொல்ல வேண்டும். பெற்றவர்களே சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கிளம்பினாலும் தடுத்து நிறுத்துங்கள்.