இழுபறி கேள்வி-பதில்

இந்த வாரத் தபாலில் சினிமாவும் அரசியலும் குறைவு. தோலும் இரும்பும் அதிகம். ராணிப்பேட்டையிலிருந்து ஆம்பூர் வரை டெஸ்டிங் லேபுகளில் நிற்கிற யூ.டி.எம். என்னும் இழுவை மெஷின் வாசகர்களைப் பிடித்து ஆட்டுகிறது. பதில்காரரும் சந்தோஷமாகவே மாட்டிக்கொண்டார்.

கேள்வி (பாலிடெக்னிக் மாணவர், வாலாஜாபேட்டை): லோடு செல் என்றால் என்ன? பரீட்சைக்கு வேண்டும்.

பதில்: விசையை மின்சார அளவாக மாற்றிச் சொல்லும் உலோகத் துண்டு. மளிகைக் கடை எலக்ட்ரானிக் தராசுத் தட்டுக்கு அடியிலும் அதுதான் இருக்கிறது. கடைக்காரர் கை வைக்கும் இடம் வேறு.

கேள்வி (தோல் வியாபாரி, மேல்விஷாரம்): எங்கள் தாத்தா கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தே தோலின் தரத்தைச் சொல்வார். இப்போது எதற்கு லட்சக்கணக்கில் மெஷின்?

பதில்: தாத்தாவின் கட்டைவிரலை ஜெர்மனிக்கு பார்சல் பண்ண முடியாதே! பையருக்கு வேண்டியது எண். மேலும், தாத்தாவின் விரல் மென்மையைச் சொல்லும், சதைப்பிடிப்பைச் சொல்லும். எத்தனை நியூட்டனில் கிழியும் என்று சொல்லாது. விரலுக்குத் தெரிந்தாலும் வாய்க்குச் சொல்லத் தெரியாது.

மெஷின் செய்வது எளிய கொடுமை. நடுவில் ஒடுங்கி இரண்டு முனையிலும் அகன்ற துண்டுகளை டையால் வெட்டுகிறார்கள். முதுகெலும்பு வாக்கில் மூன்று, குறுக்கு வாக்கில் மூன்று. இரண்டு பிடிகளுக்கு இடையில் மாட்டி, நிமிடத்துக்கு 100 மில்லிமீட்டர் வேகத்தில் அறுகிறவரை இழுக்கிறார்கள். எவ்வளவு விசைக்கு அறுந்தது, அறுமுன் எவ்வளவு நீண்டது என்ற இரண்டையும் சென்சார்கள் குறித்துக்கொள்கின்றன.

ஆனால் தாத்தாவின் பேரன் மனம் தளர வேண்டாம். ஷூ அப்பருக்கு லாஸ்டோமீட்டர் என்று ஒரு சோதனை இருக்கிறது. தோலை வட்டமாகக் கவ்விப் பிடித்து, அடியிலிருந்து சிறிய எஃகுக் குண்டை மெல்ல மேலே தள்ளுவார்கள். அச்சின் மேல் இழுத்து மாட்டும்போது மூக்குப் பக்கத்தில் தோல் படும் பாடு அதுதான். 7 மில்லிமீட்டர் தள்ளும்வரையாவது மேல்பரப்பு வெடிக்கக்கூடாது என்பது வழக்கமான எதிர்பார்ப்பு. குண்டு எவ்வளவு உயர்ந்தது என்று கருவி சொல்லிவிடும். முதல் கீறல் எப்போது விழுந்தது? பல லேபுகளில் இன்னும் ஒரு மனிதர் குனிந்து, கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். விரலுக்கு ஓய்வு கொடுத்தாயிற்று. கண்ணுக்கு இன்னும் கொடுக்கவில்லை.

கேள்வி (ஏற்றுமதி மேனேஜர், ராணிப்பேட்டை): பையர் கேட்டது சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன். மெஷின் காட்டியது 23.47. தப்பித்தோம் அல்லவா?

பதில்: அந்த .47-ஐப் பார்த்தாலே பதில்காரருக்கு ரத்தக் கொதிப்பு ஏறும் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். முதல் வகுப்பு மெஷின் என்று சான்றிதழ் வாங்கினாலே விசை அளவில் 1 சதவீதம் முன்னே பின்னே போக அனுமதி உண்டு. 23.47-ல் அது 0.23. ஆக, அந்த 7 வெறும் அலங்காரம்.

பெரிய திருடன் லோடு செல்லே இல்லை, தடிமன் மானி. விசையை அகலத்தாலும் தடிமனாலும் வகுத்துத்தானே இந்த எண் வருகிறது? 2 மில்லிமீட்டர் தோலை 1.9 என்று அளந்தால் வலிமை சும்மாவே 5 சதவீதம் கூடிவிடும். அதனால்தான் தடிமன் மானியின் பாதம் எவ்வளவு அகலம், எந்த அழுத்தத்தில் உட்கார வேண்டும் என்றுகூட விதி போட்டிருக்கிறார்கள். அடுத்து ஈரம். சோதனைக்கு முன் துண்டுகள் 23 டிகிரியில், 50 சதவீத ஈரப்பதத்தில் ஊற வேண்டும். ராணிப்பேட்டை மே மாதத்தில் ஏ.சி.யை நிறுத்திவிட்டு இழுத்த எண்ணுக்கு என்ன மரியாதை?

கடைசியாக ஒன்றைக் காதில் சொல்லுங்கள்: துண்டை எங்கிருந்து வெட்டினீர்கள்? பின்முதுகில் இழைகள் நெருக்கம், வயிற்றில் தளர்வு. சர்வதேச விதி மாதிரி எடுக்க வேண்டிய இடத்தைப் படமே போட்டுக் காட்டுகிறது. முதுகில் வெட்டியதை லேபுக்கு அனுப்பி, வயிற்றை ஷூவுக்கு அனுப்புகிறவர்களை எந்த சென்சாரும் பிடிக்காது. நீங்கள் அப்படிச் செய்பவர் இல்லை என்று பதில்காரர் நம்புகிறார், 23.47 சதவீதம்.

கேள்வி (ஆம்பூர் வாசகர்): ஆம்பூர் பிரியாணியை யூ.டி.எம்.மில் வைத்து இழுத்தால்?

பதில்: கடையைப் பொறுத்தது.

கேள்வி (இன்ஸ்ட்ருமென்டேஷன் ஆசிரியை, வேலூர்): லோடு செல்லுக்குள் இருக்கும் ஸ்ட்ரெயின் கேஜைக் கண்டுபிடித்தது யார்? புத்தகத்துக்குப் புத்தகம் ஒவ்வொரு பெயர் இருக்கிறதே?

பதில்: இப்படி ஒரு கேள்விக்காகத்தான் பதில்காரர் காத்திருந்தார். இரண்டு பேர், ஒரே 1938-ஐ ஒட்டி, அமெரிக்காவின் இரண்டு கோடிகளில், ஒருவரை ஒருவர் அறியாமல்.

மேற்குக் கோடியில், கால்டெக்கில், எட்வர்ட் சிம்மன்ஸ். உலோகத்தைத் திடீரென அடித்துச் சோதிக்கும்போது விசையை அளக்க, மெல்லிய கம்பியை ஒட்டிவிடலாம் என்றார். கம்பி நீண்டால் மெலியும்; மெலிந்தால் மின்தடை கூடும். அவ்வளவுதான் சூத்திரம். காப்புரிமை தனக்கே என்று கல்வி நிறுவனம் சொல்ல, வழக்கு கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் வரை போய், 1949-ல் சிம்மன்ஸ் ஜெயித்தார். பிற்காலத்தில் மறுமலர்ச்சிக் கால ஓவியத்திலிருந்து இறங்கி வந்தவர் மாதிரி, காலை இறுக்கிய உறையோடு பாசடீனா தெருக்களில் நடப்பாராம். காப்புரிமைப் பணம் வந்த பிறகு யார் கேட்க முடியும்?

கிழக்குக் கோடியில், எம்.ஐ.டி.யில், ஆர்தர் ரூஜ். பூகம்பத்தில் தண்ணீர்த் தொட்டி என்ன ஆகும் என்று பார்க்க மாதிரித் தொட்டியைக் குலுக்கிக்கொண்டிருந்தார். மெல்லிய தொட்டிச் சுவரின் இழுவிசையை அளக்கக் கருவி இல்லை. கம்பியை ஒட்டினார், அளந்துவிட்டார். எம்.ஐ.டி.யின் காப்புரிமைக் குழு இதில் பெரிய வியாபாரம் இராது என்று முடிவு செய்து, உரிமையை அவருக்கே விட்டுக் கொடுத்தது. இன்று தராசு, பாலம், விமானம், தோல் லேப் எல்லாவற்றிலும் அந்த வியாபாரம்தான்.

அளவின் நுணுக்கத்தையும் வகுப்பில் சொல்லுங்கள். 350 ஓம் கேஜ் ஆயிரத்தில் ஒரு பங்கு நீண்டால், தடை சுமார் 0.7 ஓம்தான் மாறும். நான்கு கேஜ்களை வீட்ஸ்டன் சுற்றில் கோத்து 10 வோல்ட் கொடுத்தால், முழுச் சுமையிலும் லோடு செல் தருவது பொதுவாக 20 மில்லிவோல்ட். அதை வைத்துக்கொண்டுதான் மேனேஜர்கள் .47 பேசுகிறார்கள்.

கேள்வி (சேஃப்டி ஷூ லைன் தொழிலாளி, ராணிப்பேட்டை): விரலைக் காக்கும் டோ கேப்பை எப்படிச் சோதிக்கிறார்கள்? யாராவது காலை உள்ளே விடுவார்களா?

பதில்: மாட்டார்கள், மேனேஜரைக் கேட்டுப் பாருங்களேன். 200 ஜூல் மோதல், அதாவது 20 கிலோ எடை ஒரு மீட்டருக்குச் சற்று மேலிருந்து விழுகிறது. உள்ளே விரலுக்குப் பதில் களிமண் உருளை. அடி விழுந்த பின் அதன் மிச்ச உயரத்தை அளப்பார்கள். தனியாக 15 கிலோ நியூட்டன் அமுக்கமும் உண்டு. ஏறக்குறைய ஒன்றரை டன்.

கேள்வி (இரயில் பிரியர், ஆற்காடு): இந்த இழுவைச் சோதனையெல்லாம் எப்போது ஆரம்பித்தது?

பதில்: டேவிட் கிர்கால்டி தன் பிரம்மாண்ட இழுவை மெஷினை லண்டனுக்குக் கொண்டுவந்தது 1865-ல். ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு ரயில் 1856-லேயே வந்துவிட்டது. நாம் ஒன்பது வருடம் முந்தி என்பதை மறக்க வேண்டாம்.

கேள்வி (வாசகர், ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டை): 2015-ல் இங்கே தொட்டிச் சுவர் இடிந்ததே, சென்சார் இருந்திருந்தால் இறந்தவர்கள் பிழைத்திருப்பார்களா?

பதில்: 2015 ஜனவரி 31 அன்று, சிப்காட்டின் பொதுக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் கசடுத் தொட்டியின் சுவர் இடிந்தது. பக்கத்துத் தோல் தொழிற்சாலையில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் கசடு பாய்ந்து 10 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

சுவரைத் தள்ளும் அழுத்தம் ஆழத்தோடு ஏறும். ஆழம் இரட்டித்தால் மொத்தத் தள்ளு விசை நான்கு மடங்கு. சுவரை அடியோடு சாய்க்கும் திருப்புவிசை எட்டு மடங்கு. கசடு தண்ணீரைவிடக் கனம் என்பதால் இன்னும் கூடும். சாய்வுமானி, விரிசல்மானி, சுவருக்குள் இருக்கும் இரும்புக் கம்பியில் ஒட்டிய ஸ்ட்ரெயின் கேஜ் எல்லாம் இருக்கின்றன. சுவர் அசைவதை அவை முன்கூட்டிக் காட்டவும் கூடும். ஆனால் எச்சரிக்கை மணி அடித்தால், தொட்டியை வடிக்கவும் ஆட்களை எழுப்பவும் ஒருவர் அங்கே இருக்க வேண்டும். இந்த அளவுக்கு மேல் நிரப்பாதே என்று சுவரில் கோடு போட சென்சாரே வேண்டாம். கசடுத் தொட்டிக்குக் கீழே மனிதர்களைப் படுக்க வைக்காமல் இருக்கவும் சென்சார் வேண்டாம்.

ரூஜ் அந்தக் கம்பியை ஒட்டியதே ஒரு தொட்டிச் சுவரில்தான். ஏற்றுமதித் தோலை ஆறு துண்டாக வெட்டி இழுத்துப் பார்க்கிற ஊரில் இதைக் கேட்டதற்கு நன்றி.

கேள்வி (வாசகர், காட்பாடி): தோல் பெல்ட் வாங்கிய மூன்று மாதத்தில் அறுந்துவிட்டது. லேபுக்கு அனுப்பலாமா?

பதில்: அனுப்பலாம், அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் (சி.எல்.ஆர்.ஐ.) 1948-லிருந்து இருக்கிறது. அதற்கு முன் அறுந்த ஓரத்தைப் பாருங்கள்: உள்ளே துணி தெரிந்தால் அது தோலே இல்லை. இழை தெரிந்தால், பெல்ட்டோடு இடுப்பளவையும் எழுதி அனுப்பவும்.