டைட்டிலைப் பார்த்தே எழுத்துருவைப் பிடிப்பது எப்படி?

முதல் வேலை, ரிமோட்டைக் கைப்பற்றுவது. 2017-இல் நெட்ஃபிளிக்ஸ் 'ஸ்கிப் இன்ட்ரோ' பொத்தானைக் கொண்டுவந்ததிலிருந்து நம் இனத்துக்குச் சோதனைக் காலம்தான். எழுத்துரு பார்க்க வேண்டும் என்று உண்மையைச் சொல்லிக் கேட்டால் யாரும் ரிமோட்டைத் தர மாட்டார்கள். "சவுண்டு கொஞ்சம் கம்மியா இருக்கு" என்று சொல்லி வாங்கி, அப்படியே மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

பயிற்சிக்கு 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' உகந்தது. 2016 ஜூலையில் வந்த அமெரிக்கத் தொடர். அதன் டைட்டிலில் நடிகர் முகமோ ஊரோ ரத்தமோ குறுக்கே வந்து தொந்தரவு செய்யாது, முழுக்க எழுத்துதான். கறுப்புத் திரையில் ராட்சத அளவில் சிவப்புக் கோடுகள் மிதந்து மிதந்து, ஒரு நிமிடத்துக்குள் ஒன்றுகூடிப் பெயராகின்றன. அவசரப்பட்டுத் தொடக்கத்திலேயே நிறுத்தினால் கிடைப்பது ஒரு வளைவு மட்டும். அதை வைத்து எழுத்துருவின் பெயரைச் சொல்பவர் ஜோசியராகத்தான் இருக்க வேண்டும். கடைசி விநாடிகள்வரை பொறுத்திருந்து நிறுத்துங்கள். "ஏன் நின்னுபோச்சு?" என்று கேட்பார்கள். இணைய இணைப்பின் மீது பழியைப் போடுங்கள். அது மறுத்துப் பேசாது.

அடுத்து, படம் எடுப்பது. செல்போனிலேயே தொடரை ஓடவிட்டு ஸ்கிரீன்ஷாட் எடுக்கலாம் என்று நினைத்தால், காப்புரிமைப் பூட்டு உங்களுக்குச் சுத்தமான கறுப்புச் சதுரம் ஒன்றைப் பரிசளிக்கும். டிவி முன் நின்று படம் எடுத்தால் அலை அலையாகக் கோடுகள் விழும். நடுவில் உங்கள் லுங்கியும் தெரியும். தளராதீர்கள். இரண்டாவதே மேல்.

இந்தப் படத்தை, படம் பார்த்து எழுத்துருவின் பெயர் சொல்லும் 'வாட் த ஃபான்ட்' போன்ற தளத்தில் அப்படியே ஏற்றாதீர்கள். தொடரின் தலைப்பு வெறும் வெளிக்கோட்டால் ஆனது, ஒளிர்கிறது, முதல் வரியின் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் மற்றவற்றைவிடப் பெரிதாகக் கீழே இறங்கி நிற்கின்றன. இயந்திரம் இதை எழுத்து என்றே நம்பாது. கோடுகளுக்குள் அதே சிவப்பை நிரப்பி, எழுத்துகளைத் தனித்தனியாகப் பிரித்துக் கொடுத்தால் கொஞ்சம் இறங்கிவரும். 'ஐடென்டிஃபான்ட்' தளம் வேறு ரகம். அது படம் கேட்காது, கேள்வி கேட்கும். க்யூவின் வால் எப்படி இருக்கிறது என்று கேட்கும். நம் தலைப்பிலோ மொத்தமே ஒன்பது வெவ்வேறு எழுத்துகள், அவற்றில் க்யூ கிடையாது. 'தெரியவில்லை' என்று அழுத்திக்கொண்டே போகலாம். நேர்மையான தளம், அதற்கும் இடம் வைத்திருக்கிறது.

தேடுமுன் செய்ய வேண்டிய சோதனை ஒன்று இருக்கிறது. ஒரே எழுத்து இரண்டு இடத்தில் வருகிறதா என்று பாருங்கள். இந்தத் தலைப்பின் இரண்டு சொல்லிலும் 'என்' உண்டு, 'ஜி' உண்டு. அளவை விட்டுவிடுங்கள், வடிவம் அச்சு அசலாக ஒத்துப்போனால் அது எழுத்துரு. ஒத்துப்போகாவிட்டால் யாரோ கையால் வரைந்தது. தளம் தளமாக அலைந்தாலும் பெயர் கிடைக்காது. இந்தச் சோதனையைச் செய்யாமல் வாரக்கணக்கில் அலைபவர்கள்மேல் எனக்கு இரக்கம் வருவதில்லை.

பெயர் கிடைத்துவிடும்: ஐ.டி.சி. பெங்கியாட். 1970-களின் பிற்பகுதியில் எட் பெங்கியாட் வரைந்தது. இதை உரக்கச் சொன்னதும் வீட்டில் வரும் பதில், "சரி, அதுக்கென்ன?" இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவு பாடும். மூச்சை இழுத்துக்கொண்டு தொடங்குங்கள். புரூக்ளினில் 1927-இல் பிறந்தவர், முதலில் ஜாஸ் டிரம்மர், பிறகு அறுநூறுக்கு மேல் எழுத்துருக்கள் வரைந்தார், 'நியூயார்க் டைம்ஸ்' முகப்புப் பெயரையும் செப்பனிட்டார், 2020-இல் காலமானார். இங்கே நிறுத்தாதீர்கள், சாரமே இனிமேல்தான். தொடரை உருவாக்கிய டஃபர் சகோதரர்கள், டைட்டில் செய்த 'இமேஜினரி ஃபோர்சஸ்' நிறுவனத்துக்குப் பழைய நாவல் அட்டைகளைத்தான் மாதிரியாக அனுப்பினார்கள், ஸ்டீபன் கிங் நாவல்கள் உட்பட. அந்தக் கால அமெரிக்க மலிவுப் பதிப்பு அட்டைகளில் பெங்கியாட் தாராளமாகப் புழங்கியது. எழுத்தை மட்டும் பார்த்தால் பயமுறுத்த ஒன்றுமில்லை. கொஞ்சம் அலங்காரமான, பூசினாற்போன்ற எழுத்து, கல்யாணப் பத்திரிகைக்கே போடலாம். நடுராத்திரியில் போர்வைக்குள் அந்த நாவல்களைப் படித்தவர்களுக்குத்தான் அதைப் பார்த்ததும் முதுகு சில்லிடும். 2017-இல் இந்த டைட்டிலுக்கு எம்மி விருது கிடைத்தது. நடுவர்களில் எத்தனை பேர் போர்வைக்குள் படித்தவர்களோ!

ஆண்டுப் பொருத்தமும் பார்த்துவிடுங்கள். கதை தொடங்குவது 1983-இல், எழுத்துரு அதற்கு முன்பே பிறந்துவிட்டது. பொருத்தம் பிரமாதம். பொருந்தாத தொடராக இருந்தால் இன்னும் நல்லது, ஒரு மணி நேரம் கூடுதலாகப் பேசலாம்.

இதற்குள் யாராவது ரிமோட்டைப் பிடுங்கப் பார்ப்பார்கள். விடாதீர்கள். கோடுகளுக்கு நடுவே சின்னதாக வந்துபோகும் நடிகர் பெயர்கள் வேறு எழுத்துரு என்பதை இன்னும் நீங்கள் சொல்லவில்லை. மறுபடி முதலிலிருந்து ஓட்டிக் காட்டுங்கள். வீடு காலியான பிறகு யாரேனும் எட்டிப் பார்த்து, "அந்தக் காணாமப்போன பையன் கிடைச்சானா?" என்று கேட்டால், அவன் பெயர் வில் பையர்ஸ் என்று சொல்லிவையுங்கள். அதற்குமேல் கதை உங்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.