மாட்டுக்கு வலிக்குமேன்னு ஒதுங்குற அப்பன்

ஏங் கண்ணு, பெங்களூருக்குப் போயி மனச அலசிட்டு வந்தியாமே? உளப்பகுப்பாய்வாம்! பேரே வாய்க்குள்ள நுழையல. மணிக்கு ரெண்டாயிரமாம், ஒரு மூட்டை ராகி வாங்கிப் போட்டிருக்கலாம். அங்க நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரி நிக்கிற ரோட்டுக்கு நம்ம ஊரு பேர வெச்சு ஓசூர் ரோடுன்னு பேரு. நம்மள நல்லாத்தான் தெரிஞ்சு வெச்சிருக்கான்!

என்ன சொன்னாங்க? சூப்பர்வைசரக் கண்டா வர்ற கோவம், நெசத்துல அப்பன்மேல உள்ள கோவமாமா? உங்கப்பனா? மாடு முட்ட வந்தா, மாட்டுக்கு வலிக்குமேன்னு ஒதுங்குற ஆளாச்சே! எட்டு வருசமா உன்னைக் காண்ட்ராக்டுலயே வெச்சிருக்கறது யாரு, அவனா? வாரம் மாத்தி வாரம் நைட் ஷிப்ட் போட்டது? ஒண்ணுக்குப் போக நேரம் குறிச்சு வெக்கிறது?

கிழவனுக்கு என்ன தெரியும்னு சிரிக்காத. கல்கத்தாவுல கிரீந்திரசேகர் போஸ்னு ஒரு டாக்டர். இந்த வித்தைய ஆரம்பிச்ச வியன்னா டாக்டரு பிராய்டு மூஞ்சியவே நேர்ல பாக்காம, படிச்சே கத்துக்கிட்டு 1922-ல இதுக்கு ஒரு சங்கமே வெச்சார். ஆனா பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டல. நம்ம ஆளுங்க மனசு உங்க கணக்குல அடங்கலன்னு கடுதாசிலயே வாதாடினார். 1931-ல பிராய்டுக்கு எழுவத்தஞ்சு வயசானப்ப தந்தத்துல விஷ்ணு செலை அனுப்பினாங்க. பெரியவரும் மேசைமேல வெச்சுக்கிட்டார். கொஞ்ச நாள்ல செலையில கீறல் விட்டுப்போச்சு. கல்கத்தா சாமிக்கு வியன்னா ஹவா ஒத்துக்கலயோன்னு கேட்டாராம். சாமிக்கே அப்படின்னா, அங்கருந்து இங்க எறங்குற சரக்கு மட்டும் அப்படியேவா இருக்கும்?

ஃபனோன்னு இன்னொரு டாக்டரு. 1953-ல அல்ஜீரியாவுல ப்ளிடா ஆஸ்பத்திரிக்கு வேலைக்கு வந்தார். வெளிய பிரெஞ்சுக்காரன் ஆட்சி மிதிக்குது. உள்ள இவரு மனசுக்கு மருந்து தடவணும். எத்தன நாளைக்கு? 1956-ல ராஜினாமா எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டார்.

பேச வேணாம்னு சொல்லலடா. முழுங்கின கோவம் உள்ளயே கெடந்து உறுத்தும், கக்கறது நல்லது. அந்த பெங்களூரு டாக்டரம்மா ஒரு மணி நேரம் குறுக்கப் பேசாம கேட்டாங்களே, அது பெரிய விசயம். நம்ம வீட்டுல வாயத் தொறந்தா "சும்னிரு"ன்னு கன்னடத்துல அடக்கி, தமிழ்லயும் ஒரு தடவ அடக்குவோம்.

தூக்கமே வரலைன்னு அங்க அழுதியாமே. பக்கத்து மிஷின்ல நிக்கிறவன ஒருநா கேட்டியா, அவனுக்கு வருதான்னு?